கறுப்பு கோட்டிங்குக்கு அடியில் இருக்கிற உப்பு

"பிரேக் மிதிச்சா கொஞ்சம் உள்ளே போகுதுண்ணே, பாத்து வைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் ஒருவர். ஐந்து வருடம் ஓடிய மஹிந்திரா தார் ஜீப். லிப்டில் ஏற்றினால் அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று கறுப்பு கோட்டிங். பின் ஆக்சிலுக்குப் போகிற பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப் பக்கத்தில் மட்டும் கோட்டிங் கொப்பளித்து, ஈரமாக இருந்தது. கிளிப்பைக் கழற்றியதும் அடியில் ஒரு சிட்டிகை மணல், அதற்கும் கீழே பைப் பாதித் தடிமனுக்கு அரித்துப் போய், ஒரு ஊசித்துளை வழியாகப் பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருக்கிறது. அடுத்த வாரம் அவர் பிள்ளைகளோடு கொடைக்கானல் ஏறுவதாக இருந்தார்.

போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "போன வருசம்தானேண்ணே கோட்டிங் போட்டேன், அப்புறம் எப்படித் துரு வரும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் "மதுரையில் ஏது கடல்?" என்கிற பேச்சை முடித்துவிடலாம். இங்கிருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் சொச்சம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-ல் தார்ச்சாலை திறந்த பிறகு எல்லா வண்டியும் நுனி வரைக்கும் போகிறது. அதற்கு முன்னால் மணலிலும் கடல் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப் போன வேன்களின் அடியைக் குனிந்து பார்த்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. இப்போது சாலை இருந்தும், ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர் சாலையில் நிற்பதில்லை. அலை நுனியில் ஓட்டி, தண்ணீர் இரண்டு பக்கமும் தெறிக்க ஒரு வீடியோ எடுத்தால்தான் போன திருப்தி வருகிறது. அந்தப் பக்கம் வாலிநோக்கம், இந்தப் பக்கம் தூத்துக்குடி என்று உப்பளப் பாதைகளில் தினமும் ஓடுகிற வண்டிகளும் நம்மூரில் நிறைய உண்டு. வீடு மதுரையில் இருக்கலாம், வண்டி கடலுக்குப் போய்த்தான் வருகிறது.

யூடியூபில் பார்த்துவிட்டு, "அது பனி நாட்டுக்காரன் பிரச்சினை, அங்கே ரோட்டில் உப்புக் கொட்டுறான்" என்கிறார்கள். ஆமாம், பனியை உருக்க அங்கே சாலையில் உப்புப் போடுகிறார்கள், வண்டி அரித்துப் போகிறது. இங்கே யாரும் கொட்ட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதற்குள் நீங்களே வண்டியை இறக்குகிறீர்கள்.

சரி, கோட்டிங் விஷயத்துக்கு வருகிறேன்.

கோட்டிங் என்பது ஒரு மூடி, அவ்வளவுதான். சுத்தமான, காய்ந்த இரும்பின் மேல் அடித்தால் வெளியில் இருக்கிற உப்பை உள்ளே விடாது. உப்பும் மணலும் ஒட்டியிருக்கிற இரும்பின் மேல் அடித்தால் அந்த உப்பை வெளியே விடாது. இரண்டாவதைத்தான் ஊரில் பாதிப் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். காலையில் வண்டியை விடுகிறார்கள், மேலாக வாட்டர் சர்வீஸ், ஈரம் உலரும் முன்னே ஸ்பிரே கன்னை எடுத்து அடிக்கிறார்கள், மதியம் வண்டி ரெடி. இப்படி அடித்தால் நடப்பது என்ன என்று பொறுமையாகப் படியுங்கள்.

எந்தப் பெயின்ட்டும் நூறு சதவீதம் தண்ணீர் புகாதது இல்லை. ஈரப்பதம் மெல்ல மெல்லப் படலத்தைத் தாண்டி உள்ளே போகும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரத்தில் உப்பு கரையும், அங்கே சின்னக் கொப்புளம் கிளம்பும், கொப்புளத்துக்குள் இரும்பு அரிக்கத் தொடங்கும். இதில் மோசமான விஷயம், உப்பு இந்த வேலையில் செலவாகித் தீர்ந்து போவதில்லை. அதில் உள்ள குளோரைடு இரும்பைத் துருவாக்கிவிட்டு மறுபடி அடுத்த இரும்புக்குப் போகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால் கோட்டிங்கை உள்ளேயிருந்து தள்ளிப் பிளக்கும். அந்தப் பிளவில் அடுத்த தடவை போகிற கடல் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். ஆனால் வெளியில் பார்த்தால் எல்லாம் கறுப்பாக, அழகாக இருக்கும். கோட்டிங் இல்லாத வண்டியில் துரு செம்பழுப்பாகக் கண்ணுக்குத் தெரியும், நாமும் ஏதாவது செய்வோம். கோட்டிங்குக்கு அடியில் ஓடுகிற துரு, ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கும்போதுதான் தெரியும்.

இதுவும் பாதிக் கதைதான். தார், ஜிம்னி, பொலேரோ, ஸ்கார்ப்பியோ, கூர்க்கா, ஃபார்ச்சூனர் எல்லாம் தனிச் சேசிஸ், அதாவது பாடியைத் தாங்குகிற தனி இரும்புச் சட்டம், உள்ள வண்டிகள். சேசிஸின் நீளக் கட்டைகள் உள்ளே வெற்றிடம். தண்ணீர் வடிய, ஒயர் போக, கிளிப் மாட்ட என்று அதில் அங்கங்கே ஓட்டைகள் இருக்கும். அலையில் ஓட்டும்போது உப்புத் தண்ணீரும் மணலும் அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே போய், குறுக்குக் கட்டை சேருகிற மூலைகளிலும் பின் ஆக்சிலுக்கு மேலே வளைகிற இடத்திலும் தங்கிவிடும். சுத்தியலின் பிடியால் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள், உள்ளே மணல் சரசரவென்று ஓடுகிற சத்தம் கேட்கும். கோட்டிங் அடிக்கிறவர் வெளியே மட்டும் அடிக்கிறார். அதைவிடக் கொடுமை, அடிக்கிற வேகத்தில் வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பல சேசிஸ்கள் உள்ளேயிருந்து வெளியே அரித்து வருவது இதனால்தான்.

பாம்பனையே பாருங்கள். 1914-ல் திறந்த ரயில் பாலத்தின் இரும்பைக் கடல் காற்றிலிருந்து காப்பாற்றுவது ஓயாத வேலையாக இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் போட்டு, பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதே காற்றில், பக்கத்துச் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறோம். கம்பெனியில் நம் வண்டியின் அடியில் கொடுத்திருக்கிற முதல் பூச்சின் தடிமன் 20 மைக்ரான் அளவுதான், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஜல்லி தெறித்தாலே பெயர்ந்துவிடும்.

"வந்த அன்னைக்கே காய்ஞ்சு போச்சுண்ணே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. உப்பு அப்படிக் காயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீர் விடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதம் போதும். சித்திரை வெயிலில்கூட ராத்திரியில் உங்கள் சேசிஸின் உப்பு ஈரமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே கடலுக்குப் போய் வந்தால் கழுவுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப் போடாமல், வந்த அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில். முதல் வேலை, தோட்டத்துக்குத் தெளிக்கிற ஸ்பிரிங்ளர் ஒன்றை ஹோஸில் மாட்டி வண்டிக்கு அடியில் தள்ளி, இடத்துக்கு இடம் நகர்த்தி முக்கால் மணி நேரம் ஓட விடுவது. காய்ந்த உப்பு ஊறிக் கரைய நேரம் வேண்டும், பிரஷர் வேண்டியதில்லை. அப்புறம் சேசிஸ் ஓட்டைகளுக்குள் ஹோஸை நுழைத்து, வெளியே வருகிற தண்ணீரில் மணல் நிற்கும்வரை விடுங்கள். சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் பின்பக்கம், டேங்க் கார்டு, ஸ்பேர் வீல் தாங்கி, பாடி மவுண்ட் ரப்பர் உட்காருகிற இடம், இவையெல்லாம் மணல் தங்குமிடங்கள். ஒரு மழையில் ஓட்டினால் கழுவினது மாதிரிதான் என்று நம்பாதீர்கள். இந்த மூலைகளுக்கு மழை போகாது.

போர் தண்ணியே உப்பாச்சே, அதில் கழுவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மதுரையில் நியாயமான சந்தேகம். தாராளமாகக் கழுவுங்கள். நம் போர் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கரைந்திருந்தால் நாம் முகம் சுளிக்கிறோம், கடலில் 35 கிராம். கடைசியாக இரண்டு குடம் நல்ல தண்ணீர் கிடைத்தால் பிரேக் பைப்புகள் மேல் ஊற்றிவிடுங்கள், இன்னும் நல்லது.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், பிரஷர் கன்னை ஹப் சீல், ஒயர் கனெக்டர், ஆக்சில் பிரீதர் (ஆக்சிலுக்குள் காற்று போய்வருகிற சின்னக் குழாய்) மேல் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று நின்று சொல்லுங்கள். கழுவி முடித்ததும் அடியில் டீசலோ கழிவு ஆயிலோ அடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் புஷ்கள் ஊதிப் போகும், ஹோஸ்கள் கெடும், தூசி அப்பிக்கொள்ளும், பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. இரண்டு நாள் பளபளப்புக்காக இவ்வளவும் தேவையா?

கோட்டிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் போடுங்கள். கழுவி, குறைந்தது இரண்டு நாள் நன்றாகக் காய விட வேண்டும். செதில் துருவை வயர் பிரஷ்ஷால் இரும்பு தெரியுமளவு எடுக்க வேண்டும். எடுக்க முடியாத மிச்சத்துக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றுகிற திரவம்), அதன் மேல் பிரைமர், அதன் மேல் பெயின்ட். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரோடு விட்டுவிட்டால் அது நிற்காது. சேசிஸின் உள்பக்கத்துக்கு நீள ட்யூப் வைத்து மெழுகு வகைப் பூச்சு அடிக்க வேண்டும். கடலோரம் அடிக்கடி போகிறவர்களுக்குக் கெட்டியான தார் வகையைவிட, மெழுகு அல்லது லானொலின் வகையைத்தான் நான் சொல்லுவேன். லானொலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. கெட்டியாகி வெடிக்காது, சந்துகளுக்குள் ஊர்ந்து போகும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். சைலன்சர், பிரேக், பிரீதர், வடிகால் ஓட்டை இவற்றில் எந்தப் பூச்சும் படக் கூடாது. இந்த வேலை ஒரு மதியத்தில் முடியாது. மதியமே வண்டி தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வண்டிக்கு அடியில் நீங்களே படுத்துப் பார்ப்பதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வருட வண்டியின் அடியில் புதுக் கறுப்பு இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அந்தக் கறுப்புக்கு அடியில் பட்டி பார்த்துத் தேய்த்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சின்னச் சுத்தியலால் சேசிஸ் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் செத்துப் போகும். ஓட்டைக்குள் விரலை விட்டுச் செதில் வருகிறதா என்று பாருங்கள். கிரவுன் ஆயிலை, அதாவது ஆக்சிலுக்குள் பல்சக்கரங்கள் ஓடுகிற ஆயிலை, கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சிலைத் தண்ணீரில் இறக்கியதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வண்டி எங்கெல்லாம் போய் வந்தது என்பதை விற்கிறவர் சொல்லாவிட்டாலும் ஆயில் சொல்லிவிடும். வாங்கின பிறகு இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். துருவைத் தேய்மானக் கணக்கில் எழுதித் தள்ளிவிடுவார்கள்.

கடைசியாக, மீன் லோடு அடிக்கிற பிக்கப் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். நான் பார்க்கிற மோசமான சேசிஸ்கள் உல்லாசப் பயண வண்டிகளுடையவை அல்ல, உங்களுடையவை. பாம்பனுக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊரிலிருந்து ராத்திரி முழுக்க ஓடி வருகிற வண்டியில், ஐஸ் கரைந்த மீன் தண்ணீர், லோடு ஏற்றுகிற பின்தொட்டியின் இடுக்குகள் வழியாகச் சேசிஸ் மேலேயே சொட்டிக்கொண்டு வருகிறது. பின் பிரேக் பைப்பும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அதற்கு நேர் கீழே. ஓட்டுகிறவர் சம்பளத்துக்கு ஓட்டுகிற பையன், அவன் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. தொட்டியின் அடியில் ஒரு தகரத் தட்டு கொடுத்து, மூலையில் ஒரு பைப் வைத்து, சேசிஸுக்கு வெளியே இறங்குகிற மாதிரி வெல்டிங் செய்துவிடுங்கள், அரை நாள் வேலை. வெல்டிங் வைக்கும் முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தப் பைப்பின் வாய் பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கட்டும், டயர் மேல் ஊற்ற வேண்டாம். லோடு இறக்கியதும் இரண்டு வாளித் தண்ணீரை அந்தப் பிரேக் பைப் மேல் ஊற்றச் சொல்லுங்கள், அதற்கென்று பையனுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.