மியூவான் என்னும் எடைக்கல்

நமீபியாவின் கோமாஸ் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹெஸ் தொலைநோக்கிகள் விண்ணிலிருந்து வரும் காமா கதிரை (மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளியை) நேரடியாகப் பார்ப்பதில்லை. கதிர் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது துகள் மழை ஒன்று பிறக்கிறது. அது சிந்தும், சில நானோவினாடிகளே நீடிக்கும் நீலநிறச் செரன்கோவ் ஒளியை (காற்றில் ஒளியைவிட வேகமாகச் செல்லும் துகள்கள் வெளியிடும் ஒளியை) நான்கு தொலைநோக்கிகளில் 12 மீட்டர் விட்டமுள்ள ஆடி திரட்டி, 960 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் கொண்ட கேமராவில் சேர்க்கிறது. பதிவாகும் ஒளியின் அளவிலிருந்தே கதிரின் ஆற்றல் கணக்கிடப்படுவதால், கருவி ஒளியைப் பத்து விழுக்காடு குறைத்துக் காட்டினால் ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவு குறைந்துவிடும்.

தராசைச் சரிபார்க்க முத்திரையிட்ட எடைக்கல் இருக்கிறது; தெரிந்த ஆற்றலுள்ள காமா கதிரை வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து ஏவிப் பார்க்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது. கேமராவை மட்டும் சோதிப்பது எளிது: குழாயில் சராசரியாக ஓர் ஒளி எலக்ட்ரானையே (ஒளி பட்டு வெளிப்படும் எலக்ட்ரானையே) எழுப்பும் அளவுக்கு மங்கிய எல்இடி துடிப்புகளைக் காட்டி, ஒவ்வொரு குழாயின் பெருக்கத்தையும் அறியலாம். ஆனால் திறந்த வெளியில் தூசு படிந்து ஆண்டுதோறும் மங்கும் ஆடியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அந்த எடைக்கல்லை வானமே தருகிறது. விண்வெளியிலிருந்து பாயும் துகள்களான அண்டக்கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறந்த ஒரு மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) ஆடியைத் தாக்கும்போது, அது தன் பாதையின் கடைசிச் சில நூறு மீட்டரில் வெளியிட்ட ஒளி கேமராவில் ஏறத்தாழ 1 பாகை ஆரமுள்ள வளையமாகத் தெரியும். வளையத்தின் ஆரம், ஒளி துகளின் பாதையிலிருந்து விலகும் செரன்கோவ் கோணத்தைச் சொல்கிறது. அதன் ஒரு பக்கம் மற்றதைவிடப் பிரகாசமாக இருப்பது, மியூவான் ஆடியின் மையத்திலிருந்து எவ்வளவு விலகி விழுந்தது என்பதைச் சொல்கிறது. இவ்விரண்டும் தெரிந்தால், வந்திருக்க வேண்டிய ஒளியை வடிவியலைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். மற்ற நேரங்களில் வெறும் இரைச்சலாக ஒதுக்கப்படும் துகளே ஆடி, கேமரா இரண்டின் திறனையும் ஒரே எண்ணில் அளந்து தருவதை இத்துறையின் மிக அழகிய தீர்வாக நான் கருதுகிறேன்.

இருப்பினும், மியூவானின் ஒளி அருகிலேயே பிறப்பதால், பத்துக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து துகள் மழையின் ஒளி கடந்துவரும் காற்று எவ்வளவு தெளிவானது என்பதை அது அறியாது. அதற்கு லேசர் துடிப்புகளை மேலே அனுப்பி, திரும்பும் ஒளியை அளக்கும் லிடார் தேவைப்படுகிறது. அண்டக்கதிர் நிகழ்வுகள் பதிவாகும் வீதம் திடீரெனக் குறைவதும் காற்று கலங்கியதைக் காட்டிவிடும்.

இவை அனைத்தும் முடிந்தபின் இறுதிச் சோதனையாக, 1989இல் அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி காமா கதிர் மூலமாக உறுதிசெய்த, இத்துறையின் ஒப்பீட்டு அளவுகோலான நண்டு நெபுலாவை (வெடித்த விண்மீனின் எச்சத்தை) நோக்குவார்கள். நமீபியாவிலிருந்து அது தலைக்கு மேலிருந்து 45 பாகை சாய்ந்தே தெரிவதால், அதன் ஒளி கூடுதல் தடிமனுள்ள காற்றைக் கடந்தே வரும். காற்றின் தெளிவைச் சரியாக அளந்திருந்தால் மட்டுமே அந்த ஒப்பீட்டை நம்ப முடியும்.