வெட்டு மெசினும் காணாமல் போன 7 வோல்ற்றும்

மாசி மாதம், முரசுமோட்டைப் பக்கம் ஒரு வயல். காலபோக நெல் விளைந்து சாயத் தொடங்கிவிட்டது, வானம் வேறு கறுக்கிறது, வெட்டு மெசினோ வரம்போரத்தில் மௌன விரதம். சாவியைத் திருப்பினால் விளக்குகள் எரிகின்றன, ஹோர்ன் அடிக்கிறது, ஸ்ராட்டர் மட்டும் 'டக்' என்றுகூடச் சொல்லவில்லை. "பற்றரி செத்துப்போச்சு அண்ணை" என்று ஓட்டுகிற தம்பி முதல்நாளே கிளிநொச்சிக்குப் போய்ப் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டியிருந்தான். அப்படியும் அதே கதைதான்.

பற்றரியை மாற்ற முதல் வோல்ற் அளக்கிற ஒரு மீற்றரை வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். நிறையச் சார்ஜ் உள்ள 12 வோல்ற் பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 அளவில் காட்டும். பழையது 12.5 காட்டியது, ஹோர்னும் கணீரென்று அடித்தது. அப்ப கோளாறு வேறு எங்கேயோ.

இந்த மெசின்களில் சாவிக்கும் ஸ்ராட்டர் றிலேக்கும் (சின்னக் கரண்ட்டில் இழுபட்டு ஸ்ராட்டருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) நடுவில் சில பாதுகாப்புச் சுவிட்சுகள் இருக்கும். கிளச் மிதியில் ஒன்று, சூடடிக்கும் பகுதியை ஓடவிடும் லீவரில் ஒன்று, சிலவற்றில் இருக்கைக்குக் கீழும் ஒன்று. மெசினுக்கு மெசின் இது மாறும். எல்லாம் ஒரே வயரில் ஒன்றின்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று திறந்திருந்தாலும் கரண்ட் றிலேக்குப் போகாது. வயர் அறுந்தாலும், எலி கடித்தாலும், சுவிட்ச் உடைந்தாலும் மெசின் ஓடாமல் நிற்கும், தானாக ஓடத் தொடங்காது. வேணுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வெட்டுக் கத்தி ஓடுகிற நிலையில் இஞ்சின் ஸ்ராட் ஆனால் முன்னால் வைக்கோல் இழுத்துக்கொண்டு நிற்பவனுடைய கை என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, தேடுவது எப்படி? முதலில் றிலேயிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகிற மெல்லிய வயரைக் கழற்றிவிட்டேன், இஞ்சின் திடீரென்று சுற்றக்கூடாது. மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் சாவியில் தொடங்கி வயர் போகிற வழியே நடக்க வேண்டும். தம்பி கிளச்சை மிதித்து, சாவியை ஸ்ராட்டில் பிடித்திருந்தான். சாவிக்குப் பிறகு 12.3. கிளச் சுவிட்சுக்குப் பிறகு 12.2. லீவர் சுவிட்சுக்குப் பிறகு 5.1! மீற்றரின் இரண்டு முனையையும் அந்தச் சுவிட்சின் இரு காலிலும் வைத்தால் 7.1. நன்றாக மூடியிருக்கும் சுவிட்சின் குறுக்கே 0.1, 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது, முழுதாகத் திறந்திருந்தால் பற்றரியின் 12-உம் அதன் குறுக்கேயே நிற்கும். இது இரண்டும் இல்லாத நடுவாந்தரம்.

இதில்தான் கனபேர் ஏமாறுவது. தம்பிக்குத் தெரிந்த ஒருவர் முதல்நாள் றிலேயைக் கழற்றிவிட்டு அதன் சொக்கற்றில் மீற்றரை வைத்து, "12 வருது, றிலேதான் பிழை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மீற்றர் பொய் சொல்லவில்லை. டிஜிட்டல் மீற்றர் ஒன்றின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம், அதனூடாகப் போகிற கரண்ட் ஒரு சின்னத் துளிதான். களிம்பு பிடித்த சுவிட்சில் 110 ஓம் தடை இருந்தாலும் அந்தத் துளிக் கரண்ட்டுக்கு அது தடையே இல்லை, ஆகவே மீற்றருக்கு முழு 12-உம் தெரியும். றிலேயின் சுருளோ ஏறக்குறைய 80 ஓம். அதைப் பூட்டியவுடன் 80-உம் 110-உம் அந்த 12-ஐப் பங்கு போட்டுக்கொள்கின்றன, பெரிய பங்கு களிம்புக்கு. மிச்சம் ஐந்து வோல்ற்றில் றிலே இழுக்காது. அதனால் கரண்ட் இழுக்கிற சுமை ஒன்று பூட்டியிருக்கும்போதுதான் வோல்ற் பார்க்க வேண்டும். றிலே கையில் இல்லையென்றால் ஒரு பிரேக் விளக்குப் பல்பைச் சுமையாகப் பிடித்தாலும் போதும்.

மீற்றரில் தடையை ஓம் கணக்கில் பார்ப்பதென்றால் சாவியை நிறுத்தி, சுவிட்சின் பிளக்கைக் கழற்றிய பிறகுதான். இன்னொன்று, சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் மறந்து விட்டுவிட்டுப் பற்றரியில் வைத்தால் மீற்றரின் பியூஸ் போகும். நானே இரண்டு தரம் எரித்திருக்கிறேன். நெல் ஆலைகளின் கரண்ட் பெட்டிக்குள் இதே விளையாட்டை விளையாடப் போகாதீர்கள், அங்கே கட்டுப்பாட்டு வயரிலேயே 230 வோல்ற் நிற்கலாம்.

சுவிட்சைக் கழற்றினால் பிளக்குக்குள் பச்சைக் களிம்பு, சேற்றுத் தண்ணீர் காய்ந்த தடம். சுரண்டித் துடைத்துப் பூட்டினோம், குறுக்கே 0.1. றிலே 'டக்' என்றது.

வயரைத் திரும்பக் கட்டும்போது இருக்கைக்குக் கீழே வேறொன்று கண்ணில் பட்டது. அந்தச் சுவிட்சின் இரண்டு வயரையும் யாரோ முறுக்கி, சொப்பிங் பை சுற்றி நேரே விட்டிருந்தார்கள். அவிழ்த்துச் சுவிட்சில் பூட்டினேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"இனி ஏறி இருந்தால்தானே அண்ணை ஸ்ராட் பண்ணலாம்?"

"ஓம்."