கோபுரத்துக்குத் தெரிந்த தூரம்

திரை அணைந்து மேசைமேல் கிடக்கும் கைபேசி ஓய்வெடுக்கிறது என்றே நினைக்கிறோம். உள்ளே இருக்கும் செயலிகளோ புதிய செய்தி வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கின்றன. அதற்காகக் கைபேசி அருகிலுள்ள செல்பேசிக் கோபுரத்தை அடிக்கடி தொடர்புகொள்கிறது. அப்படித் தொடர்புகொள்ளும்போதெல்லாம், தான் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் தெரிவித்துவிடுகிறது.

இது தவிர்க்க முடியாதது. ஒரே கோபுரத்தைப் பல கைபேசிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றின் சைகையும் தனக்கு ஒதுக்கிய நேரத்துணுக்கில் போய்ச் சேராவிட்டால் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். ரேடியோ அலை 3 கிலோமீட்டர் கடக்க ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. ஆகவே தூரத்தில் இருக்கும் கைபேசி அந்த அளவுக்கு முன்னதாகவே அனுப்பத் தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னதாக என்பதைக் கோபுரமே அளந்து கட்டளையிடுகிறது. 4ஜி வலையமைப்பில் இந்த அளவையின் ஒரு படி ஏறத்தாழ 78 மீட்டர். கோபுரத்தின் எந்தப் பக்கத்து ஆன்டெனா சைகையைப் பெற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் ஊரின் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். எந்த நிறுவனத்தின் கைபேசியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

கண்காணிப்புச் சட்டங்கள் முதலில் கைவைப்பது இந்தக் கோபுரங்களை நடத்தும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம்தான். பொது நெருக்கடியிலோ பொதுப் பாதுகாப்புக்காகவோ செய்தியை இடைமறிக்கலாம் என்றது இந்தியாவின் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். அதே அதிகாரம் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 20-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. யார் யாரை எப்போது, எந்தக் கோபுரத்தின் வழியாக அழைத்தார் என்ற பதிவை நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது.

ஒட்டுக்கேட்கும் ஆணையில் வழக்கமாக ஒப்பமிடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவிலும் அரசு அதிகாரிகளே அமர்ந்திருக்கிறார்கள், நீதிபதிக்கு இடமில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன பிறகும் இந்த ஏற்பாடு நீடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கமான குற்றத்தைத் துப்பறியத் தந்திச் சட்டத்தின் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2011-ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை ரத்து செய்தது. ஆணை பிறந்து 14 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி அது.

அந்தரங்கத்தைக் காக்கவென்றே உருவான மாற்றுக் கைபேசிகள் இதில் எங்கே உதவும்? கருவிக்குள் இருப்பவற்றைக் காப்பதில் அவை மிக நன்றாக உதவுகின்றன. கிராபீன்ஓஎஸ் என்பது ஆண்ட்ராய்டின், யாரும் எடுத்து மாற்றியமைக்கக்கூடிய திறந்த மூலநிரலிலிருந்து, கூகுளின் பிக்ஸல் கைபேசிகளுக்காக உருவாக்கப்பட்ட இயங்குதளம். கூகுளின் சேவைகள் இதில் முன்கூட்டியே இருப்பதில்லை. வேண்டுமென்று நிறுவினாலும் மற்றச் செயலிகளைப் போலவே தனிச் சலுகை இல்லாமல் அடைபட்டுத்தான் இயங்கும். ஒரு செயலிக்கு இணையமே கிடைக்காதபடியும் தடுக்கலாம். டார்ச் செயலிக்கு இணையம் எதற்கு?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தானாக மறுதொடக்கம் ஆகும் ஏற்பாடு. கைபேசியை இயக்கிக் கடவுச்சொல்லை முதன்முறை இடும்போது, தகவல்களின் பூட்டைத் திறக்கும் சாவி நினைவகத்துக்கு வருகிறது. பிறகு திரையைப் பூட்டினாலும் அந்தச் சாவியில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. பறிமுதல் செய்த கைபேசியைத் துழாவும் கருவிகள் குறிவைப்பது அந்த நிலையைத்தான். யாரும் பூட்டைத் திறக்காமல் 18 மணி நேரம் கடந்தால் கிராபீன்ஓஎஸ் தன்னைத்தானே அணைத்துத் தொடங்கிக்கொள்கிறது. சாவி அழிந்துபோகிறது. அதன்பின் கடவுச்சொல்லை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பவர்களை, பாதுகாப்புக்கென்றே உள்ள தனிச் சில்லு நீண்ட நேரம் காக்கவைத்துச் சலிக்கச் செய்கிறது. செய்தி தந்தவர்களின் பெயர்களைச் சுமந்து திரியும் பத்திரிகையாளருக்கு இது பெரிய அரண்.

வன்பொருளிலேயே மாற்றம் தேடியவர்களும் உண்டு. பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரம் 5 கைபேசியின் பக்கவாட்டில் 3 ஸ்விட்சுகள்: கோபுரத்தோடு பேசும் பாகமான மோடத்துக்கு ஒன்று, வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒன்று, கேமராவுக்கும் ஒலிவாங்கிக்கும் ஒன்று. பைன்போனில் அதே வேலையைச் செய்யும் குட்டி ஸ்விட்சுகள் பின்மூடிக்கு அடியில் வரிசையாக இருக்கின்றன. கூர்மையான முனை கொண்டுதான் தள்ள முடியும். இவை வன்பொருளிலேயே முடக்குபவை என்பதால், உளவு மென்பொருள் உள்ளே புகுந்திருந்தாலும் அவற்றை மீற வழியில்லை. ஆனால் இரண்டுமே வேகத்திலும் செயலிகளின் எண்ணிக்கையிலும் பின்தங்கியவை. வங்கிச் செயலியை நம்பி வாழ்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேச்சைக் குறியாக்கி அனுப்பும் சிக்னல் போன்ற செயலியில் பேசினால், இடையில் ஒட்டுக்கேட்பவர் யாருக்கும் பேச்சு புரியாது. ஆனாலும் கைபேசி எந்தக் கோபுரத்தடியில் இருந்தது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அதை மறைக்க மோடத்தின் ஸ்விட்சைத் தள்ளினால், கோபுரத்தின் கணக்கிலிருந்து கைபேசி மறைந்துவிடும். வீட்டிலிருந்து வரும் அழைப்பும் அதோடு நின்றுவிடும். ஸ்விட்சைத் திரும்பத் தள்ளிய சில நொடிகளில் மோடம் விழித்து, சிம்முக்குரிய அடையாளத்தை அறிவித்து, கோபுரம் சொல்லும் தூரக் கணக்குக்குத் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்.