குடி, போதை சிகிச்சை: இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்குவது எப்படி?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவரைத் தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கத் தாலிக்கொடியை அடகு வைத்தார். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வேனில் நான்கு பேர் வந்து அவரைத் தூக்கிப் போனார்கள். ஐந்து வாரம் கழித்துப் பார்க்க அனுமதித்தபோது அவர் கணுக்காலில் சங்கிலித் தழும்பு இருந்தது. அதுவரை ஒரு டாக்டரைக்கூட அவர் அங்கே பார்த்ததில்லை. பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் அரசு மருத்துவமனை. அங்கே சிகிச்சைக்குக் காசே இல்லை. யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பை மனநோய் என்றே கணக்கிடுகிறது. ஆகவே சிகிச்சை உங்கள் உரிமை. தமிழக அரசு 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் திறந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

அரசு மருத்துவமனையில் அலைச்சல் ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே தொடங்கிவிடும். ‘குடியை நிறுத்த வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் பொது மருத்துவத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பாதி நாள் அந்த வரிசையில் போய்விடும். ‘மனநலப் பிரிவு’ என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள். காலையிலேயே போய்விடுங்கள். படுக்கையில் சேர்த்தால் கூட இருக்க ஆள் கேட்பார்கள். அண்ணனோ மாமனோ, யாரையாவது முன்னதாகவே பேசி வையுங்கள்.

‘குடிக்காமல் மூன்று நாள் இருந்துவிட்டு வாருங்கள்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். இப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்தை எழுத இங்கே இடம் போதாது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் பிதற்றல், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது, உயிருக்கே ஆபத்து. டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்தால் ஓ.பி. நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

குடியை நிறுத்த, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று சுவரொட்டிகள் ஒட்டியிருப்பார்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குடித்தால் உடல் ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்பிரம் போன்ற மாத்திரை உடலில் இருக்கும்போது, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிர் போகவும் கூடும். டாக்டர் கூட நோயாளிக்குத் தெரிவித்து, அவர் சம்மதித்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும்.

போன் எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆலோசனைக்கு 14416 அல்லது 14446. 10581 என்பது கள்ளச்சாராயம், போதைப்பொருள் விற்பவர்களைப் பற்றிப் புகார் சொல்லும் எண். மகனுக்குச் சிகிச்சை கேட்டு அதை அழைக்காதீர்கள். கஞ்சா பிடிக்கும் பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் போலீஸ் வந்துவிடும் என்று பல பெற்றோர் பயந்து நாளைக் கடத்துகிறார்கள். உண்மையில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் உட்கொண்டதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை பெறுபவருக்கு அது பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம்.

தனியார் இல்லம்தான் என்று முடிவு செய்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ‘பிறகு காட்டுகிறோம்’ என்றால் பணத்தை எடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். சங்கிலியால் கட்டுவதை மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. குடும்பத்தாரின் விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பதற்கும் மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். வாசலிலேயே மூன்று மாதத்துக்குப் பணம் கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

மருத்துவக் காப்பீட்டை நம்பிப் பெரிய மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன் பாலிசியைப் படியுங்கள். குடி, போதை சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு பல பாலிசிகளில் இருக்கிறது.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்கி, நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். மறுபடி குடித்துவிட்டார் என்பதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அந்தச் சீட்டு கையில் இருந்தால், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று முதலிலிருந்து விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.