சிமுலேஷன் பச்சையாகத்தான் இருந்தது

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்குக் கோயம்புத்தூர் கணபதியிலிருந்து ஒரு போன். "அண்ணா, சிமுலேஷன்ல ஒண்ணுமே காட்டலீங்க. மிஷின்ல மட்டும் சக்கு திடீர்னு ரிவர்ஸ்ல ஒரு சுத்து சுத்தி டூல் போயிருச்சுங்க." இரண்டு மாதத்தில் இது நாலாவது. கம்ப்யூட்டரில் போட்ட டூல்பாத்தை மிஷின் புரோகிராமாக மாற்றும் போஸ்ட் (போஸ்ட் ப்ராசஸர்) எழுதித் திருத்திக் கொடுப்பதுதான் என் வேலை, ஆனாலும் இந்தப் போன் வரும்போதெல்லாம் மனசு கஷ்டமாகிவிடுகிறது.

மில்-டர்னில் (கடைசலும் மில்லிங்கும் சேர்ந்த மிஷின்) ஸ்பைரல் குரூவ் போட்ட எஸ்.எஸ். ஷாஃப்ட். குரூவ் அழகாக ஓடி வந்து, நடுவில் ஷாஃப்டைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு வெட்டு. ஃபைலைத் திறந்தால் காரணம் அங்கேயே இருந்தது: ஒரு வரியில் சி359.8, அடுத்த வரியில் சி0.3. சி என்பது பீஸைப் பிடித்திருக்கும் சக்கு சுற்றும் கோணம். அரை டிகிரி முன்னால் போகவேண்டிய இடத்தில், டூல் பீஸுக்குள் இருக்கும்போதே சி ஆக்ஸிஸ் 359.5 டிகிரி பின்னால் வந்திருக்கிறது. 360 தாண்டினால் திரும்ப 0-விலிருந்து எண்ணி, கிட்டத்துப் பக்கமாகவே திருப்பும் ரோல்ஓவர் அந்த மிஷினில் போடவில்லை, ஃபேனுக் கண்ட்ரோலில் அது 1008-ம் பாராமீட்டர். போஸ்ட்டோ அது இருக்கிறது என்று நம்பி எழுதியது. பாராமீட்டரை மாற்றியிருக்கலாம், இல்லையென்றால் போஸ்ட்டே 360.3, 360.8 என்று தொடர்ந்து எண்ணிக்கொண்டு போயிருக்கலாம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் கையால் சி360.3 என்று திருத்தி ஓட்டியிருக்கிறார்கள், அடுத்த வரி சி0.8 ஆகவே நின்றதால் இரண்டாவது ஷாஃப்டும் போனது.

சிமுலேஷன் பச்சை என்றால் என்ன அர்த்தம்? டூல் முனை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று டூல்பாத் போடும் கேம் (CAM) சாஃப்ட்வேர் போட்ட கணக்கு சரி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கை உங்கள் மிஷினின் எக்ஸ், ஒய், இசட், பி (டூல் சாயும் கோணம்), சி எண்களாக மாற்றுவது போஸ்ட். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் போஸ்ட் ஓடுவதற்கு முந்தைய படம். மிஷினுக்குப் போகும் புரோகிராமை அது பார்க்கவே இல்லை. திரையில் சக், டரட் எல்லாம் அசல் மாதிரியே ஓடுவதால் நம்பிவிடுகிறோம். மிஷின் படிக்கும் ஜி-கோடையே வாங்கி ஓட்டிப்பார்க்கும் சாஃப்ட்வேர் தனியாக உண்டு, அதிலும் உங்கள் மிஷினின் செட்டிங் சரியாக ஏறியிருந்தால்தான் அது சொல்வது உண்மை.

பக்கத்துப் பட்டறையில் அதே மாடல் மிஷின் இருக்கிறது என்று போஸ்ட்டை பென் டிரைவில் வாங்கி வருவதை தயவுசெய்து விடுங்கள். ஆப்ஷன் வேறு, பாராமீட்டர் வேறு, சி ஆக்ஸிஸை நகராமல் பிடிக்கும் கிளாம்ப் எம்-கோடுகூட வேறாக இருக்கும்.

தப்பு எங்கே என்று பீஸே சொல்லிவிடும். பி நேராக இருக்கும்போது அளவு சரி, சாய்த்தால் தப்பு, சாய்க்கச் சாய்க்கத் தப்பும் கூடுகிறதா? முதலில் பிவட் தூரத்தை (பி சாயும் மையத்திலிருந்து ஸ்பிண்டில் முகம் வரை) பாருங்கள், அப்புறம் டூல் நீளத்தை மிஷினே கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஜி43.4 போட்ட பிறகும் போஸ்ட் தன் பங்குக்கு டூல் நீளத்தைச் சேர்க்கிறதா என்று பாருங்கள். டூல் கிட்டத்தட்ட சி ஆக்ஸிஸ் திசைக்கே வரும்போது சி சட்டென்று 180 டிகிரி திரும்பினால், அது போஸ்ட்டின் தப்பே இல்லை. டூல்பாத்தில் நாலைந்து டிகிரி சாய்வு கொடுங்கள். சி மட்டும் நகரும் இடத்தில் ஃபினிஷ் ஒரே மாதிரி வரவில்லையா, ஃபீடைப் பாருங்கள். அங்கே மி.மீ./நிமிடம் என்று நினைத்துப் போட்ட எஃப்200, நிமிடத்துக்கு 200 டிகிரி ஆகிவிடுகிறது. ஒரு டிகிரி என்பது 100 மி.மீ. விட்டத்தில் 0.87 மி.மீ., 10 மி.மீ. விட்டத்தில் 0.087 தான்.

புது புரோகிராம் எதுவானாலும் முதலில் நோட்பேடில் திறந்து சி எண்களை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். அப்புறம் ஜாபை விட்டு 100 மி.மீ. தள்ளிக் காற்றில் ஓட்டுங்கள், பி சாயும் இடங்களில் சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), வேகத்தைக் குறைக்கும் ஓவர்ரைடில் கை வைத்தபடி. பாராமீட்டரைத் தொடும் முன்னால் பேக்கப் எடுங்கள். அவுட்புட்டில் கை வைக்காதீர்கள், போஸ்ட்டைத் திருத்துங்கள்.

எனக்கோ வேறு யாருக்கோ அனுப்பும்போது போஸ்ட் செய்த ஃபைல், பாராமீட்டர் பேக்கப், எந்த வரியில் நின்றது என்ற நம்பர், மூன்றும் வேண்டும். உடைந்த டூலின் போட்டோவை மட்டும் வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாதுங்க.