பவுடரும் பழைய படமும்

அறுப்பு முடிந்த கையோடு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். நடவு, களை, அறுப்பு எல்லாம் தீர்ந்த பிறகுதான் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தங்கள் உடம்பைப் பார்க்கப் பொழுது வாய்க்கிறது. கும்பகோணத்தில் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை.

சென்ற தை மாதம் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து 54 வயது அம்மா ஒருவர் பட்டுப்புடவை கட்டி, அக்குள்வரை பவுடர் அப்பிக்கொண்டு வந்தார். டாக்டரிடம் வேர்வை நாற்றத்தோடு போகக் கூடாதாம். படத்தில் அக்குளை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள். சிலருக்குப் புற்றுநோய் தொடங்கும்போது படியும் சுண்ணாம்புத் துகள்களும் இப்படித்தான் தெரியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தோம், புள்ளிகளைக் காணோம். படமெடுக்கும் நாளில் பவுடர், சென்ட், களிம்பு எதுவும் வேண்டாம் என்று அதற்குப் பிறகு எங்கள் வாசலில் எழுதியே ஒட்டிவிட்டோம்.

"இந்தப் படம் பொய் சொல்லுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. சில நேரம் சொல்லும், இரண்டு விதமாகவும் சொல்லும். அமெரிக்கக் கணக்குப்படி, அறிகுறி எதுவும் இல்லாத 1,000 பெண்களுக்குப் படமெடுத்தால் ஏறக்குறைய 100 பேரை மறுபடி கூப்பிடுகிறார்கள். அவர்களில் புற்றுநோய் இருப்பது சுமார் 5 பேருக்கு. மற்றவர்களுக்கு நீர்க்கட்டியோ, சாதாரணக் கழலையோ, வெறும் நிழலோதான். ஆனால் இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாம் முறை போன் வந்தாலே தெருவே துக்கம் விசாரிக்க வந்துவிடுகிறது. ஊசி வைத்துச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று அத்தையோ பெரியம்மாவோ சொல்லிவிடுவார். அப்படிப் பரவுவதில்லை, மற்ற சோதனைகளுக்குப் பிறகும் சந்தேகம் நீடித்தால், அதைத் தீர்ப்பது பெரும்பாலும் அந்த ஊசிதான்.

என்னைத் தூங்கவிடாதது மற்ற விதம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் 43 வயதுப் பெண் ஒருவருக்கு மார்பில், தொட்டால் கைக்குத் தட்டுப்படும் கட்டி இருந்தது. வேறோர் இடத்தில் எடுத்த மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. அந்த அறிக்கையை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டார். எட்டு மாதம் கழித்து வந்தபோது, சுண்டைக்காயாக இருந்த கட்டி நெல்லிக்காயாகியிருந்தது. அவருக்கு மார்பகத் திசு அடர்த்தி. அடர்ந்த திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மார்கழிப் பனியில் வயலில் நிற்கும் கொக்கைத் தேடுவதுபோலத்தான். அல்ட்ராசவுண்டில் கட்டி உடனே தெரிந்தது. புற்றுநோய் உள்ள 100 பேரில் சுமார் 13 பேரை இந்தக் கருவி தவறவிடுகிறது. அடர்த்தி கூடினால் இன்னும் அதிகம். கை ஒன்றைச் சொல்லிப் படம் வேறொன்றைச் சொன்னால், நான் கையைத்தான் நம்புவேன்.

கைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. ஆகவே ஊருக்கு வரும் நர்ஸம்மா பரிசோதிக்கக் கூப்பிட்டால் கூச்சப்பட்டு அடுப்படிக்குள் போய்விடாதீர்கள்.

இன்னொன்று, பழைய படம். கிரகணம் பார்க்கப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். (கிரகணத்துக்கும் அது ஆகாது, கண் கெடும்.) வேதாரண்யத்து அம்மா ஒருவர் 2017இல் எடுத்த படத்தை மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்தார். மறு வருடம் கஜா புயலில் கூரை பறந்தபோது, பட்டாவோடு சேர்த்து அரிசிப் பானைக்குள் போட்டுக் காப்பாற்றியதாம். புதுப் படத்தில் என்னை உறுத்திய சுண்ணாம்புத் துகள்கள் அதிலும் இருந்தன, அதே இடத்தில், அதே அளவில். இத்தனை வருடமாகியும் மாறாததால் ஊசிக்குத் தேவையில்லாமல் போயிற்று. இரண்டு படங்களையும் ஒன்றாகச் சுருட்டிப் பையில் செருகிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க அவர் கிளம்பிவிட்டார்.