வெளிறிய ஸ்லைடு எங்கே கெட்டது?

திசுவின் மெல்லிய சீவலான செக்‌ஷனைக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் உட்கரு நீலமாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். ஆனால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. உடனே எல்லோரும் சாயப் பாட்டிலைத்தான் முறைப்பார்கள். பாட்டிலைக் கொட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: கூடவே சாயம் போட்ட மற்ற ஸ்லைடுகள் எப்படி இருக்கின்றன? எல்லாமே வெளிறியிருந்தால் கோளாறு சாயமேற்றும் வரிசையில். இது மட்டும் வெளிறியிருந்தால், இந்தத் திசு சாயத்துக்கு வருவதற்கு முன்பே ஏதோ நடந்திருக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சாயம் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். உட்கருவுக்கு நீலம் தரும் சாயமான ஹெமட்டாக்ஸிலின் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. அது அப்படியே உட்கருவில் ஒட்டாது. ஆக்சிஜனேற்றம் அடைந்து, அலுமினிய உப்போடு சேர்ந்து நேர்மின்னூட்டம் பெற்ற பிறகுதான் டி.என்.ஏ.வின் எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொள்ளும். அமிலத்தில் அதன் நிறம் செவ்வூதா, லேசான காரத்தில் நீலம். ஆகவே கழுவும் நீர் அமிலத்தன்மையோடு இருந்தால் உட்கரு சிவப்பாகவே நின்றுவிடும். அடுத்து வரும் இளஞ்சிவப்புச் சாயமான இயோசினுக்கு இதற்கு நேர்மாறான குணம். அது லேசான அமிலத்தில்தான் புரதங்களை நன்றாகப் பிடிக்கும். நீலமாக்கிய காரத்தைச் சரியாகக் கழுவாமல் ஸ்லைடை இயோசினில் இறக்கினால் இளஞ்சிவப்பு ஏறாது. புது இயோசின் வாங்கினாலும் ஏறாது!

உட்கரு வெளிற இன்னொரு வழி, கூடுதல் சாயத்தை இறக்கும் அமில ஆல்கஹால். அதில் சில விநாடி கூடினாலே நிறம் போய்விடும். இதற்கு மருந்து உண்டு, திரும்பச் சாயம் போடலாம். எலும்பை மென்மையாக்க அமிலத்தில் அளவுக்கு மீறி ஊறவிட்ட திசுவை அப்படித் தேற்றுவது கடினம். எவ்வளவு நேரம் சாயத்தில் வைத்தாலும் உட்கரு மங்கலாகவே இருக்கும்.

திட்டுத் திட்டாகச் சாயம் ஏறாமல் இருந்தால் அங்கே, சீவுவதற்காகத் திசுவில் ஏற்றிய பாரஃபின் மெழுகு மிச்சம் இருக்கலாம். மெழுகைக் கரைக்கும் புது சைலீனில் மறுபடி போட வேண்டும். சாயம் போட்ட பின் வரும் கடைசிச் சைலீன் பால் போல் கலங்கினால் நீர் உள்ளே வந்துவிட்டது. தூய ஆல்கஹாலுக்குத் திரும்புங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைப் போடுமுன் செக்‌ஷன் காய்ந்தால் காற்று சிக்கி, உட்கருக்கள் மேல் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கவர் ஸ்லிப்பைச் சைலீனில் கழற்றி மீண்டும் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

திசுவைச் சீவும் கருவியான மைக்ரோடோமில் வரும் கோடுகளுக்குத் திசை முக்கியம். பிளேடின் விளிம்புக்கு இணையாக வரிவரியாகத் தடிமன் மாறினால் பிளேடோ, திசுவைப் புதைத்த மெழுகு பிளாக்கோ ஆடுகிறது, திருகுகளை இறுக்குங்கள். விளிம்புக்குக் குறுக்காக ஒரே கீறல் ஓடினால் பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். கீறல் மறைந்தால் பிளேடின் அந்த இடத்தில் சிறு உடைவு. அதே இடத்தில் நின்றால் திசுவுக்குள் சுண்ணாம்புத் துகளோ தையல் நூலோ இருக்கிறது.

திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் அமிலத்தன்மை கூடினால், அது இரத்தத்தோடு வினைபுரிந்து கரும்பழுப்பு நிறமியை விட்டுச் செல்லும். மலேரியா நிறமியும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தான், அவசரக் கண்கள் ஏமாறும். அதனால்தான் நடுநிலையாக்கிய ஃபார்மலின்.

எல்லாவற்றிலும் மோசமானது, ஓரம் அழகாகவும் நடுப்பகுதி கூழாகவும் தெரியும் செக்‌ஷன். ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊடுருவும். துண்டு தடிமனாக இருந்தாலோ, திசுவைப் போல் 10 மடங்காவது ஃபார்மலின் ஊற்றாவிட்டாலோ, அது நடுவை எட்டுமுன் செல்களின் நொதிகளே அவற்றைக் கரைத்துவிடும். இதைச் சாயத்தாலோ பிளேடாலோ மீட்க முடியாது. ஜாடியில் மிச்சத் திசு இருந்தால், அதன் ஓரத்திலிருந்து மெல்லிய துண்டு எடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.